காசு மாட்டிக்கொண்டால் சொல்ல நாலு ஸ்பானிஷ் வசனம்

விமானம் பறந்ததோடு டிக்கெட் விற்றவளின் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு நாள்கூடக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்க மாட்டார்கள். நின்று காலம் தள்ளிய டிராவல்ஸ்காரர்களான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் இருந்தேன். ஈழத்திலிருந்து வந்த நம் ஆட்கள் கொஞ்சம் மூச்சு விட்டு, பிள்ளைகளோடு ஸ்பெயின் கடற்கரைக்குப் போகத் தொடங்கிய காலம். அங்கே வங்கியில் ஏதாவது சிக்கல் என்றால் எங்கள் கடைக்குத்தான் ரிவர்ஸ் சார்ஜில் போன். பேசுவது அவர்கள், பில் கட்டுவது எங்கள் முதலாளி. மதுரைக்காரரான அவர் ஒரு நாள், "ஸ்பெயின்லருந்து இன்னொரு போன் வந்துச்சுன்னா நீ வேற வேலை பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார். என் வீட்டு வாடகை அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. மாலை வகுப்பில் படித்த அரைகுறை ஸ்பானிஷைத் திரட்டி, வங்கியில் சொல்ல வேண்டியவற்றைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, டிக்கெட்டோடு கொடுக்க ஆரம்பித்தேன்.

கேள்வி மட்டும் சரி

ஹவுன்ஸ்லோ கந்தசாமி அண்ணை விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிறவர். ஸ்பெயினின் மலகாவில் பணம் எடுக்கும் மெஷின் அவருடைய கார்டை விழுங்கிவிட்டது. வங்கிக்குள் போய், "எல் கஹேரோ சே ஆ த்ரகாதோ மி தர்ஹேத்தா" என்று தாளில் இருந்ததைப் பிசகாமல் சொன்னார். அங்கிருந்த பெண் முகம் மலர்ந்து, மூச்சு விடாமல் ஸ்பானிஷில் பொழிந்தாள். அண்ணை நேரே போன் பூத்துக்குப் போய்விட்டார். நல்ல வேளை, முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

"பிள்ளை, கேக்கிறதுக்குத்தான் நீர் படிப்பிச்சனீர். அவை சொல்லுற மறுமொழியை நான் என்ன செய்யிறது?"

முன்னேற்பாடு

'மெதுவாகச் சொல்லுங்கள்' என்பதற்கு "தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்று தாளில் சேர்த்தேன். நடராசா மாஸ்டருக்கு அது உதவவில்லை. வெளிநாட்டு வங்கியில் கொடுத்துக் காசாக்கும் டிரவலர்ஸ் செக்கில் வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது வங்கிக்காரர் கண் முன்னால் இன்னொன்று. படித்துப் படித்துச் சொன்னேன். மாஸ்டரோ ஓட்டல் கட்டிலில் இருந்தபடியே எல்லாவற்றிலும் இரண்டாவது கையெழுத்தையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வரிசையில் நிற்பவர்களை மினக்கெடுத்தக் கூடாதாம்! வங்கி மறுத்துவிட்டது. புண்ணியவான் எங்களுக்குப் போன் செய்யவில்லை. மனைவியின் செக்குகளில் காலத்தை ஓட்டிவிட்டு, திரும்பி வந்து என் முன்னால் அமர்ந்தார்.

"ஒரு வேலையைத் துவங்கினால் முடிச்சிட்டுத்தான் எழும்புவன். அது பிழையோ, பிள்ளை?"

முறை என்று ஒன்று

மனோன்மணி அக்காவை நான் சும்மா அனுப்பவில்லை. நானே வங்கிக்காரியாக நின்று கடையில் ஒத்திகை பார்த்தேன். போன சில நாளிலேயே போன். அன்றைக்கென்று முதலாளி பக்கத்தில் நின்றார். அவரே ரிசீவரை எடுத்து, செலவை ஏற்பதாக ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. கடற்கரையில் கைப்பை தொலைந்ததாம். "ஏ பெர்தீதோ மிஸ் செக்கெஸ்" என்று, 'என் செக்குகள் தொலைந்துவிட்டன' என்பதைத் தாளைப் பார்க்காமலே சொன்னாராம். புது செக்குகளும் கிடைத்துவிட்டனவாம். "அப்புறம் என்னம்மா பிரச்சினை?" என்றார் முதலாளி.

"பிரச்சினையோ? ஒண்டுமில்லை. படிப்பிச்ச பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லாமல் விடுறது முறையில்லையெல்லோ, அதுதான் எடுத்தனான்."

முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் கடைக்குத் திட்டுறதுக்குத்தான் போன் வரும்மா. இந்த பில்ல நான் சந்தோஷமாக் கட்டிடுறேன், நீ உக்காந்து வேலையப் பாரு."

வேலை தப்பியது, ஆனாலும் மறுநாளே தாளின் அடியில் சுத்தத் தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: 'நல்ல செய்தியை லண்டனுக்குத் திரும்பி வந்து சொல்லவும்.'