ஸ்டார் வீட்டு வாசலில் போட்ட கோலம்

போன கிருத்திகையன்று என் பையன் புது பைக் எடுத்து வந்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிற பிள்ளை. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி, மாலையோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஆரத்தித் தட்டோடு போன நான் பெட்ரோல் டாங்கைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அதில் ஒரு ஸ்டிக்கர். குறுக்காக இரண்டு வேல். நடுவில் ஒரு கண்.

"இத யாருடா ஒட்டுனது?"

"ஷிஃப்ட்ல ஒரு அண்ணன் எல்லாருக்கும் குடுத்தாரும்மா. சாமி படம்தான? சுத்து சுத்து, கற்பூரம் அணைஞ்சிடப் போவுது."

சுற்றினேன். ராத்திரி சாப்பிடும்போது போனை நோண்டிக்கொண்டே அவனே சொன்னான்: ஏதோ ஒரு நாட்டில் இந்த மாதிரி ஒரு கூட்டத்தின் குறியை நாலு பேர் பார்க்கிற இடத்தில் போட்டால் ஜெயிலாம். "ஒரு படத்துக்குப் போயி ஜெயிலாம்மா!" என்று சிரித்தான்.

நான் எட்டாவது வரை படித்தவள். சட்டமெல்லாம் தெரியாது. ஆனால் அப்படி ஒரு சட்டம் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இருந்திருந்தால், கையும் களவுமாக முதலில் அகப்பட்டிருப்பது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயசு.

1991. அந்த வருஷம் மே மாசம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொடுமை உலகத்துக்கே தெரியும். அதற்கப்புறம் எங்கள் பக்கமெல்லாம் ஒரே போலீஸ். சுவரில் யாரும் எதுவும் எழுதக் கூடாது, வரையக் கூடாது என்று உத்தரவு. எழுதினவனைத் தேடி வந்து ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று எழுதியிருந்ததைக்கூட பயத்தில் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். அதன் பிறகு எல்லாரும் அங்கேதான் அசுத்தம் செய்தார்கள்.

எங்கள் தெருவின் கடைசி வீடு ஸ்டார் வீடு. தெருவில் வேதக்காரக் குடும்பம் அது ஒன்றுதான். கார்த்திகை முடிந்ததும் அவர்கள் மூங்கில் சிம்பில் கலர் காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, பெரிய நட்சத்திரம் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த வீட்டு மாமா பால் சொசைட்டியில் வேலை செய்தார். அத்தை துணி தைப்பார். எனக்குப் பொங்கல் பாவாடை அவர் கையால்தான். தொட்டிலில் கைக்குழந்தை ஒன்று இருந்தது, ஆண் குழந்தை. அதைக் காட்டி அத்தை என்னை எப்போதும் 'மருமவளே' என்றுதான் கூப்பிடுவார். "மருமவளே, உன் வூட்டுக்காரன் மூத்திரம் போய்ட்டான், துணி மாத்து" என்பார். நான் வெட்கப்பட்டு ஓடுவேன்.

மார்கழியில் கோலத்து நடுவில் சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ செருக வேண்டும் அல்லவா? எங்கள் தெருவுக்கே பூசணிக்கொடி ஸ்டார் வீட்டு வேலியில்தான் படர்ந்திருந்தது. விடிவதற்கு முன்னால் போய்ப் பறித்து வருவது என் வேலை. "எல்லாத்தயும் எடுத்துக்க மருமவளே, எங்க சாமிக்குப் பூசணிப்பூ வோணாம், கேக்குதான் வோணும்" என்று அத்தை சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் மாமா வீட்டுப் பக்கத்தில் அவர்களுடைய சொந்த மனையில் கீற்றுக்கொட்டகை ஒன்று போட்டார். கிறிஸ்துமஸ் ஜெபத்துக்கு.

இனி என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. தாம்பரம் பக்கம் பட்டறையில் தகர வேலை. வாரத்துக்கு ஒரு நாள் வருவார்; வந்தால் வீடே சிரிக்கும். காதுக்குள்ளிருந்து நாணயம் எடுப்பார், அம்மாவைப் போல நடந்து காட்டுவார். அந்த வருஷம் ஏதோ சங்கத்தில் சேர்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம் பெரிதாகியிருந்தது. அதையெல்லாம் நான் பக்தி என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் அதில் கொஞ்சம் பக்தி இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிறிஸ்துமசுக்கு முன்னால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர், என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு ஒரு பொருளைக் காட்டினார். எண்ணெய் டின்னை வெட்டி, ஓரம் மடித்து, அடியில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்திய ஒரு தட்டு. கோல அச்சு. மாவை நிரப்பித் தரையில் வைத்து இரண்டு தட்டு தட்டினால் கோலம் விழும். கடையில் தாமரை, மயில் என்று விற்கும். இதில் விழுந்தது குறுக்காக இரண்டு வேல், நடுவில் ஒரு கண்.

"ஐ! முருகன் வேலு!"

"அதான். இத ஸ்டார் வூட்டு வாசல்ல போடு. தெனமும் விடியக்காலம் ஒருத்தருக்கும் தெரியாம போட்டுட்டு வந்துடணும். அவங்க சாமியில ஒரு தாத்தா கீறாரு இல்ல, தெரியாம வந்து பரிசு வெச்சிட்டுப் போவாரே? அந்த மாதிரி. கிறிஸ்மஸ் அன்னிக்கி நாமதான்னு சொல்லிக்கலாம்."

"அம்மாகிட்ட?"

"சொல்லக் கூடாது. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் கிறிஸ்மஸ் வரிக்கும் சொல்லக் கூடாது. கற்பூரம் அடி."

எங்கள் பக்கத்தில் கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்துக்கு மேல் சத்தியம் கிடையாது. முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, நெருப்பை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சுட்டது. அழாமல் சிரித்தேன்.

கிறிஸ்துமசுக்கு ஐந்து நாள் இருந்தபோது முதல் கோலம் போட்டேன். பூ பறிக்கப் போகிற சாக்கு இருந்ததால் யாரும் கேட்கவில்லை. விடிந்ததும் அத்தை கதவைத் திறந்தார். நான் எங்கள் வாசலில் சாணி உருட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தை அசையாமல் நின்றார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார். மாமா குனிந்து பார்த்து, காலால் தேய்த்து அழித்தார். எனக்கு வருத்தமாக இருந்தது. புள்ளிகள் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் அழுத்தித் தட்டினேன்.

எனக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முந்தின வருஷம் வேறொரு ஊரில் ஒரு ஜெபக்கூடம் எரிந்தது. எரிவதற்கு முன்னால் அதன் சுவரில் இதே குறி இருந்ததாம்.

மூன்றாம் நாள் மாமா போய் ஏட்டய்யாவைக் கூட்டி வந்தார். ஏட்டய்யா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கோலத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். தெருவே கூடிவிட்டது.

"இன்னாப்பா இது? கோலம்தானே?"

"கோலம் இல்லீங்கய்யா. இந்தக் குறி வந்தா, பின்னாடியே ஆளு வருவாங்க" என்றார் மாமா.

"செவுத்துல வரைஞ்சிருந்தா சொல்லு, இப்பவே தூக்கினு போறேன். ஆர்டர் கீது. தரையில, கோலமாவுல போட்டதுக்கு நான் இன்னான்னு எழுதறது? எந்தப் பொம்பளையப் புடிக்கிறது?"

கூட்டத்திலிருந்து என் சித்தப்பா குரல் கொடுத்தார். "அத்தினி பேரையும் வேன்ல ஏத்துங்க ஏட்டய்யா. மார்கழி மாசம் குளுருல சோறாக்கற வேலையாவது மிச்சம் எங்க பொம்பளைங்களுக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டய்யாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமா மட்டும் தன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தை மடியில் தூங்கியது.

"வெளியூரு ஆளா இருந்தா பயமில்ல அண்ணி. வருவான், போவான். கர்த்தர் பாத்துக்குவாரு. ஆனா நம்ம தெரு ஆளா இருந்தா எப்பிடி இருக்கறது? காத்தால யாரு மூஞ்சப் பாத்து சிரிக்கறது? நம்ம தெருன்னு தெரிஞ்சா மறுநாளே கெளம்பிடணும்னு அவரு சொல்லிட்டாரு."

"சீ, நம்ம தெருவுல எவ செய்வா? எந்தக் கை போட்டுச்சோ அந்தக் கை வெளங்காமப் போவும்" என்றாள் அம்மா.

நான் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். நேரே சித்தப்பாவிடம் ஓடினேன். "அவங்க பயப்படறாங்க சித்தப்பா."

"பயமில்ல கண்ணு, ஆச்சரியம். சாமியே வந்து போட்டுட்டுப் போவுதுன்னு நெனைக்கறாங்க. முருகன் வேலு யாருக்குனா கெட்டது பண்ணுமா?"

"பண்ணாது."

"அப்புறம் இன்னா?"

அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஒன்றுமே தெரியாத குழந்தை நான் என்று சொல்லிக்கொண்டால் மனசுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் கையை எதற்கு மறைத்தேன்? இந்தக் கேள்வியைப் பூஜை அறையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

நான்காம் நாள், அச்சைத் தரையில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அத்தை விளக்கில்லாமல் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். நட்சத்திரத்தின் சிவப்பு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்து, வாய் நிறையச் சிரித்தேன்.

"பாத்துட்டியா அத்தை! இன்னும் ரெண்டு நாள் கீதே!"

அத்தை என்னைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். என் மாவுக் கையைப் பார்த்தார். மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, இத உனக்கு யாரு குடுத்தாங்க?"

மருமவளே என்று கூப்பிடவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

"யாரும் குடுக்கல."

"யாருனா போடச் சொன்னாங்களா? சொல்லு கண்ணு, நான் திட்ட மாட்டேன். வெளியாளு யாருனா குடுத்தாங்களா? அத மட்டும் சொல்லு."

கெஞ்சினார். வெளியாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டேனா என்று கெஞ்சினார். எனக்கு உள்ளங்கையில் கற்பூரம் சுட்டது. முருகன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"யாரும் சொல்லல அத்தை. நானாத்தான் போட்டேன். எனக்கே போடணும்னு தோணிச்சு."

அத்தை எழுந்து, வேலிக்குப் போய், இருந்த நாலு பூசணிப்பூவையும் பறித்து என் பாவாடை மடியில் போட்டார். கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் சாமான் ஏற்ற டிராக்டர் வந்தது. "இன்னாத்துக்கும்மா இப்பிடி, பண்டிகை நேரத்துல" என்று அம்மா அழுதாள். "அவரோட அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார் அத்தை. எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தைத்து மடித்து வைத்திருந்த என் பொங்கல் பாவாடையை அம்மா கையில் கொடுத்தார். மாமா யாரையும் பார்க்காமல் தையல் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டினார். நட்சத்திரத்தை மட்டும் அவிழ்க்க மறந்துவிட்டார்கள். மறந்தார்களோ, விட்டார்களோ. சித்தப்பா ஓடி ஓடிச் சாமான் ஏற்றிவிட்டார். தொட்டில் கம்பை அவர்தான் தூக்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமான பிறகு ஒரு தடவை சித்தப்பாவிடம் கேட்டேன். "நானா? உன்னியா? நல்லா கதை கட்டுற" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பேதான். அவர் போய்ப் பத்து வருஷமாகிறது. அம்மாவுக்குக் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவள் சாபம் விட்ட கையால்தான் அவளுக்கு வாய்க்கரிசி போட்டேன்.

இதையெல்லாம் பையனிடம் முதல் தடவையாகச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டான். "அது அப்போம்மா. இது சும்மா ஸ்டிக்கரு" என்றான். பைக் அதே ஸ்டிக்கரோடு வாசலில்தான் நிற்கிறது. நான் தினமும் விடியற்காலையில் அதைச் சுற்றித்தான் கோலம் போடுகிறேன். முருகா என்று சொல்லித்தான் போடுகிறேன். வேறு பேர் எனக்குத் தெரியாது.

அந்தக் கிறிஸ்துமஸ் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றும் இருட்டோடு எழுந்தேன். சத்தியம் கிறிஸ்துமஸ் வரைக்கும்தானே? ஒரு நாள் தவறிவிட்டது, கடைசி நாளாவது தவறக் கூடாது. அச்சை எடுத்துக்கொண்டு போய், ஸ்டார் வீட்டு வாசலில் நீர் தெளித்து, ஒரு புள்ளி விடாமல் அழகாகத் தட்டினேன். அவர்கள் வேலியிலிருந்தே ஒரு பூ பறித்து, கண் இருக்கிற இடத்தில் வைத்தேன். மேலே காகித நட்சத்திரம் பனியில் நனைந்து தொங்கியது.

பிறகு எழுந்து நின்று, பூட்டின கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "அத்தை, சித்தப்பாதான் போடச் சொல்லிச்சு. இன்னிக்கிச் சொல்லலாம்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கற்பூரம் அடித்த சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.