ஜன்னல் திறந்திருந்த நாள்

விஜயாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு வாயில் நன்றாக வருகிறது. அவளைத் திட்ட அல்ல. எங்கள் தலைவர் கருணாகரனை. கொஞ்சம் என்னையும்.

விஜயா அரவேணுவுக்குக் கீழே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அம்மா வீரம்மா இன்றும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறார். குன்னூரில் எங்கள் மண்சரிவு எச்சரிக்கை மையத்தில் அறுபத்து நான்கு கணினிகளை ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறோம். மழையளவைக் கொடுத்தால், எந்த மேடு சரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அந்த அறை விஜயாவின் பொறுப்பு. ஒன்று சூடேறி மந்தமானால் மற்ற அறுபத்து மூன்றும் கையைக் கட்டிக்கொண்டு அதற்காகக் காத்திருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஜனவரியில் வேகச் சோதனை. ஏசி பெயருக்குத்தான் ஓடும். கருணாகரன் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். உறைபனிக் காற்று சும்மா கிடைக்கிறதாம். வெட்கமில்லாமல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நான்தான் திறந்தேன். ஐந்து மணி நேரக் கணக்கு இரண்டே மணி நேரத்தில் முடிந்தது.

விஜயா அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை.

"மழையன்னிக்கு ஜன்னலத் தொறக்க முடியாதுங்க சார். மூடி வெச்சு ஓட்டுன நேரத்த எழுதுங்க."

அப்படி எழுதினால் மையத்தையே இழுத்து மூடிவிடுவார்கள் என்று கருணாகரன் மிரட்டினார். இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். மூன்றாம் நாள் போட்டாள். அறிக்கை சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. தினமும் காலை ஏழு மணிக்குத் தொடங்கிக்கொண்டிருந்த கணக்கை, இரண்டு மணி நேரம்தானே என்று பத்து மணிக்குத் தள்ளிவைத்தார்.

நவம்பரில் விடாத மழை. ஜன்னல்கள் மூடியிருந்தன. பத்துக்குத் தொடங்கிய கணக்கு பிற்பகல் மூன்றுக்கு முடிந்தது: அரவேணு லைனுக்கு மேல் மேடு சரியும், ஆட்களை வெளியேற்றவும். மேடு இரண்டு மணிக்கே சரிந்துவிட்டது. வீரம்மா இலை எடைபோடும் இடத்தில் நின்றதால் பிழைத்தார். காய்ச்சலில் படுத்திருந்த பக்கத்து வீட்டு வேலாயி பிழைக்கவில்லை.

மறுநாள் கருணாகரன் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"பாத்தீங்களா, நம்ம கணக்கு சொன்ன அதே எடம்!"

சீ, இதுவும் ஒரு பிழைப்பு.

விஜயா சட்டத்தை இறக்கிக் கண்ணாடியைக் கழற்றினாள். 'இரண்டு' என்பதை அடித்து 'ஐந்து' என்று எழுதினாள். தன் கையெழுத்துக்குக் கீழே, 'சோதனையன்று ஜன்னல் திறந்திருந்தது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்' என்று எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

நான் கருணாகரன் முகத்தைப் பார்த்தேன். பேனாவை வாங்கவில்லை.