பாவடிக்கு விட்ட நிலம்

கல்வெட்டுத் துறையில் என் கடைசி வருடம். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு, இல்லாத புலவர் ஒருவருக்கு நிலம் கொடுத்துவிட்டோம்.

சேவுகம்பட்டிப் பக்கம் முருகேசன் என்பவரின் கத்திரித் தோட்டத்தில் பாதி புதைந்து நின்ற பலகைக் கல் அது. கழுவி, ஈரத்தாள் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தேன். ‘பாவடிக்கு விட்ட நிலம்’ என்று தெளிவாக விழுந்தது. பாவடி என்ற சொல்லை நாகர்கோவில்காரியான நான் கேட்டதே இல்லை. அகராதியைப் புரட்டுவதற்குள் எங்கள் அதிகாரி பொருள் சொல்லிவிட்டார்.

“பா, அடி. பாட்டோட அடிம்மா. செய்யுள் பாடினவனுக்கு மானியம் விட்டிருக்காங்க. இங்க ஒரு புலவன் இருந்திருக்கான்.”

அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அடுத்த வாரக் கருத்தரங்குக்குக் கட்டுரையும் எழுதிவிட்டார். என் பெயரும் அதில் இருந்தது.

கல்லின் அளவு எடுக்க விட்டுப்போனதால் மறுபடி போனேன். முருகேசனின் மனைவி சரோஜா காப்பி கொண்டுவந்தார். சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண், காதல் கல்யாணம். பதினைந்து வருடமாகியும் மாமியார் அவரை ‘தறிக்காரவுக பொண்ணு’ என்றுதான் சொல்வார்.

“கல்லுல என்னதான் எழுதியிருக்கு மேடம்?”

வாசித்துக் காட்டி, புலவர் கதையையும் சொன்னேன். சரோஜா சிரித்துவிட்டார்.

“பாட்டும் இல்ல, கீட்டும் இல்ல மேடம். பாவடின்னா பாவு போடுற எடம். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவாக. எங்கப்பா வீட்டு வாசல்லயே இருக்கு.”

இந்த ஊரில் ஒரு தறிகூடக் கிடையாதே என்றேன். முருகேசன் மம்பட்டியை எடுத்துக் கல்லின் அடியில் தோண்டினார். ஒரு முழம் போனதும் இன்னும் இரண்டு வரி தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். ‘தறி இறை இல்லை’. இங்கிருந்த தறிகளுக்கு வரி கிடையாது.

சரோஜா வீட்டுப் பக்கம் திரும்பி, “அத்தை, செத்த இங்க வாங்க,” என்றார். மாமியார் வந்தார்.

“இந்தத் தோட்டத்துல முந்தியே எங்க ஆளுக தறி போட்டிருக்காக. நான் ஒண்ணும் புதுசா வந்தவ இல்ல.”

மாமியார் கல்லையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அதான் வந்த மறுநாளே அடுக்களையப் பூராம் மாத்தி வச்சியாக்கும்,” என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அதிகாரிக்குப் போன் செய்தேன். சரோஜா சொன்ன பொருளையும் புது வரிகளையும் சொன்னேன்.

“புலவன் போயிட்டானா?”

“போயிட்டான் சார். ஒரு நெசவாளர் தெருவே வந்திருக்கு.”

மறுநாள் அவரே கிளம்பி வந்து, சரோஜாவோடு சின்னாளபட்டிக்குப் போய், நீட்டிக் கட்டிய பாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தார். கட்டுரையைத் திருப்பி எழுதினார். பொருள் சொன்னவர் சரோஜா என்று அச்சிலும் போட்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, பிடிபடாத சொல் வந்தால் நான் ஊகித்துக்கொண்டு உட்காரவில்லை. கல்லடியில் நின்றே உரக்க வாசித்து, அங்கிருப்பவர்களிடம் கேட்டேன்.

அந்தக் கட்டுரை அச்சான புத்தகத்தைச் சரோஜாவிடம் கொடுக்கப் போன அன்று, மாமியார் பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். “ஆபீசருகளுக்கே தெரியல. எங்க மருமகதான் படிச்சுச் சொன்னா.”