பதினாறாயிரத்து எண்ணூறு குடம்

எங்கள் ஊரில் பொது நீச்சல் குளம் கட்டலாமா வேண்டாமா என்ற பேச்சு எழுந்தபோது, ஊரில் நீந்தத் தெரியாத ஆண்பிள்ளைகள் மொத்தம் இரண்டு பேர். ஒருவன் நான், வயது பத்து. இன்னொருவன் எதிர்வீட்டில் பிறந்து நாற்பது நாளாகியிருந்த குழந்தை. அவன் விஷயத்தில் ஊருக்கு நம்பிக்கை இருந்தது.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே நாலரை கிலோமீட்டரில் எங்கள் ஊர். எண்பதுகளின் தொடக்கம் அது. நெல் விளைந்த நிலங்களில் வெள்ளையடித்த கல்லை நட்டு மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மனை பிரிப்பவர்களுக்கு முதல் எதிரி கிணறு. ஒரு பாசனக் கிணறு இருந்தால் இரண்டு மனை போய்விடும். அதனால் பதினான்கு கிணறுகளில் ஒன்பதை அதற்குள் மண் கொட்டி மூடியிருந்தார்கள். ஒன்பதாவது கிணறு நாற்பத்தாறு லாரி மண்ணைக் குடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து எண்ணியதால் காலையில் வந்த லாரிகள் விட்டுப்போயிருக்கலாம். அந்தக் கவலை எனக்கு வெகுநாள் இருந்தது.

மீதமிருந்த ஐந்து கிணறுகளில்தான் பையன்கள் நீந்தினார்கள். பம்புசெட்டுக் கூரையில் ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள். கிணற்றில் என்ன சங்கடமென்றால், கடைசிப் படிக்கு அடுத்து நேராக இரண்டு ஆள் ஆழம். கொஞ்சம் கொஞ்சமாகப் பயப்பட அங்கே வழியில்லை. நான் படியில் உட்கார்ந்துகொண்டு, யார் எத்தனை முறை குதித்தார்கள் என்று எண்ணிச் சொல்வேன். என்னை அவர்கள் கணக்கப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். “டேய் கணக்கப்புள்ள, நானு எத்தினி?” என்று தண்ணீரிலிருந்து கேட்பார்கள். அது மரியாதை இல்லையென்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு, பதினைந்து என்று சரியாகச் சொல்லிவிடுவேன்.

இந்த நிலையில்தான் சித்தப்பா ஒருநாள் பட்டணத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நீலத் தண்ணீராம், அடியில் கிடக்கும் காசு தெரியுமாம். ஒரு முனை ஏழடி, இன்னொரு முனை மூன்றடியாம். ஏழடியை நான் காதில் வாங்கவே இல்லை. மூன்றடி என்றால் எனக்கு மார்பு வரைக்கும். அன்று இரவு சுவரில் பென்சிலால் மூன்றடி அளந்து கோடு போட்டு, அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழுத்தும் தலையும் பத்திரமாக வெளியே இருந்தன.

ஊர்ப் பொதுவில் ஏரி மீன் குத்தகைப் பணம் கிடந்தது. நெல் குறைந்துபோனதால் நெல்லடிக்கும் களமும் சும்மா கிடந்தது. அந்தக் களத்தில் அந்தப் பணத்தில் குளம் கட்டலாம் என்று சித்தப்பா சொன்னார். அவருக்கு மூத்தவரான பெரியப்பா கூடாது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே களத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எண்பத்தாறு ஆண்கள் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு அன்று ரயில்வேயில் டியூட்டி. ஊர்க்கூட்டம் நடக்கும் நாளிலெல்லாம் அவருக்கு டியூட்டிதான். பெண்கள் கூட்டத்துக்கு வரும் வழக்கமில்லை. களத்தை ஒட்டியிருந்த அடிபம்பில் வரிசையாகக் குடம் வைத்து நின்றிருந்தார்கள்.

சித்தப்பா சுண்ணாம்புப் பொடியால் களத்தில் குளத்தை வரைந்து காட்டினார். அறுபதடி நீளம், முப்பதடி அகலம். பெரியப்பா அந்தக் கோட்டைச் செருப்பால் தொட்டுப் பார்த்தார்.

“வூட்டாண்ட ஏரி கீது. ஏரிய வெச்சிக்கினு எவனாச்சும் தொட்டி கட்டுவானா?”

“சித்திர மாசம் ஏரில எரும கூட முழுசா நனையறதில்லண்ணா.”

“அப்ப கெணத்துல குளிக்கட்டும்.”

“கெணறு எங்க கீது? மொதக் கெணத்த வித்தவரே நீதான.”

கூட்டம் சிரித்தது. பெரியப்பாவும், கிணறு விற்ற ஞாபகமோ என்னவோ, லேசாகச் சிரித்தார். வாரத்துக்கு மூன்று நாள் கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருத்தி உண்டு. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னா நைனா, குளிக்கறதுக்கு ஒரு கட்டடமா? எங்கூர்ல கடலே சும்மாத்தான் கீது” என்றாள். உன் கடல் உப்புக் கரிக்கும் என்று யாரோ சொன்னார்கள். “அந்த உப்புலதான் எங்க புள்ளைங்களுக்கு ரோசம் கீது” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கூட்டத்துக்கு உதவும் என்று முந்தின நாளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அறுபதை முப்பதால் பெருக்கி, சராசரி ஆழம் ஐந்தடியால் பெருக்கினால் ஒன்பதாயிரம் கன அடி. கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர். ஒரு குடம் பதினைந்து லிட்டர். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலில், குளம் நிரம்பப் பதினாறாயிரத்து எண்ணூறு குடம் தண்ணீர் வேண்டும் என்று அறிவித்தேன்.

அடிபம்புச் சத்தம் நின்றது.

அங்கிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அம்மா கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. பக்கத்தில் நின்ற அம்மன் கோயில் பூசாரியின் மனைவியிடம் பேசுவதுபோல, களம் முழுவதும் கேட்கும்படி பேசினாள்.

“ஏன்கா, ஒருநாள் வுட்டு ஒருநாள் ஆளுக்கு நாலு கொடம் அடிக்கிறோமே, பதினாறாயிரத்து எண்ணூறு கொடம் அடிச்சி முடிக்க எத்தினி நாளு ஆவும்?”

“எம் பேரனுக்குக் கண்ணாலம் ஆயிடும்” என்றாள் பூசாரி மனைவி. அவளுக்கு அப்போது பேரனே கிடையாது.

“அண்ணி, அது மோட்டார் போட்டு எடுக்கற தண்ணி. உங்கள யாரு அடிக்கச் சொன்னது?” என்றார் சித்தப்பா.

“அந்த மோட்டாரு மட்டும் வேற ஊரு பூமிலேர்ந்தா எடுக்கும் தம்பி? சரி, கட்டுங்க. பொம்பளைங்க எறங்க எந்த நேரம்?”

எண்பத்தாறு பேரும் சிரித்தார்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். நானும் சிரித்தேன்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். கட்டலாம் என்றவர்கள் நாற்பத்திரண்டு பேர். வேண்டாம் என்றவர்கள் நாற்பத்தொரு பேர். மீதி மூன்று பேர் இரண்டு தடவையும் கை தூக்கினார்கள். இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாததால், வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. ஓர் இலையில் வெள்ளைப்பூ, இன்னோர் இலையில் சிவப்புப்பூ வைத்து மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு குழந்தை போய் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், சிவப்பு வந்தால் இல்லை. எடுப்பதற்கு என்னைச் சொன்னார்கள். தண்ணீர்ப் பக்கமே போகாத பையன், அவனுக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்பது காரணம். அந்த மூன்றடிக்காக நான் எத்தனை சாமிகளிடம் வேண்டியிருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. ஏழு சாமிகள்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். பூசாரியிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். வெள்ளைப் பொட்டலத்தில் நார் இரண்டு சுற்று இருக்கும், சிவப்பில் மூன்று சுற்று.

“எண்றதுல நீ தப்பு பண்ண மாட்டன்னுதான் ஒன்னயே எடுக்கச் சொன்னேன்.”

“சாமி கோச்சிக்காதா சித்தப்பா?”

“இந்த வெயில்ல சாமிக்கும்தான்டா வேர்க்கும்.”

சாமியைப் பற்றிய கவலை அத்துடன் தீர்ந்தது. எண்ணிக்கையைப் பற்றிய கவலை தொடங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சுற்றும் மூன்று சுற்றும் ஒன்றுபோலத் தெரிந்துவிட்டால்? பூவரச இலையில் புளியங்கொட்டையை வைத்து எட்டுப் பொட்டலம் கட்டி, நடுக்கூடத்தில் போட்டு, வாசலில் நின்று எண்ணிப் பழகினேன். அம்மா வந்து என்னடா இது என்று கேட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அம்மாவை யாரோடும் சேர்த்து நான் நினைத்ததில்லை, சொல்லிவிட்டேன். “ஓகோ” என்றாள். பிறகு உட்கார்ந்து, மூன்று சுற்றுக்கு நாரை எப்படி இறுக்கினால் அவிழாது என்று ஒரு பொட்டலம் கட்டிக் காட்டினாள். அம்மாவும் நம் பக்கம் வந்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. என்னைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, முன்னால் விட்டார்கள். பொட்டலங்கள் இரண்டும் அம்மன் காலடியில் கிடந்தன. இடது பக்கம் மூன்று சுற்று, வலது பக்கம் இரண்டு சுற்று. மறுபடி எண்ணினேன். இன்னொரு முறையும் எண்ணினேன். “இன்னாடா, சாமிகிட்ட கணக்கு பாத்துக்கினு கீற” என்று பின்னாலிருந்து பெரியப்பா அதட்டினார். இரண்டு சுற்றை எடுத்துக் கொடுத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

அன்று மிகவும் பயந்துபோனவர் பூசாரிதான். கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். அம்மனே உள்ளே பூவை மாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பார். ஒரு வாரம் பீடியைத் தொடவில்லை. சித்தப்பா கோயிலுக்கு வெளியே என் காதைப் பிடித்தார்.

“ஒழுங்கா எண்ணினியாடா?”

“ரெண்டுதான் சித்தப்பா.”

“அப்ப சாமியா தப்பா எண்ணிச்சி?”

வீட்டுக்கு வந்து மூலையில் படுத்துவிட்டேன். மூன்றடி போயிற்று. இனி ஆயுளுக்கும் படியில் உட்கார்ந்து அடுத்தவன் குதிப்பதை எண்ண வேண்டியதுதான். அந்த எண்ணிக்கையும் தப்பென்றால் எனக்கென்று என்ன இருக்கிறது? இரவு சோறு வேண்டாம் என்றேன். காலையிலும் வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை மதியம், ஊர் ஆண்களெல்லாம் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், அம்மா என்னை எழுப்பினாள். ஒரு கையில் மூடி போட்ட காலி மண்ணெண்ணெய்க் கேன், இன்னொரு கையில் தாம்புக்கயிறு. பேசாமல் முன்னால் நடந்தாள். ஊர்க்கோடியில் இருந்த கிணற்றுக்குப் போனோம். அதையும் விற்றாகிவிட்டது; அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் மூடப் போகிறார்கள் என்று பேச்சு. பம்புசெட்டு நிழலில் பூசாரி மனைவி உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்தால் இருமுவதாக ஏற்பாடு.

அம்மா புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டாள். என்னைப் படியில் நிற்கச் சொல்லிவிட்டுக் குதித்தாள்.

தண்ணீர் மூடிக்கொண்டது. நான் எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது வரும்போது பூசாரி மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். இருபதில் எதிர்ச்சுவர் ஓரமாகத் தலை எழும்பியது.

“அம்மா, ஒனக்கு நீச்சல் தெரியுமா?”

“மதுராந்தகம் ஏரிக்கரைல பொறந்தவகிட்ட கேக்கற கேள்வியாடா இது?”

அந்தப் பத்து வயது வரை அம்மா தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை. வேறு யாரும் பார்த்திருக்கவும் முடியாது. மேலேயிருந்து பூசாரி மனைவி எட்டிப் பார்த்து, “புள்ள மூஞ்சே வாடிப்போச்சி, சொல்லிடும்மா” என்றாள். நார் சுற்றியது பூசாரி இல்லை, அவருக்குக் கை நடுங்கும், சுற்றியது அவர் மனைவி என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைக்கு மூன்று, சிவப்புக்கு இரண்டு என்று அவளிடம் சொன்னது யார் என்றும் தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எண்ணிக்கை தப்பில்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஒனக்குக் கொளம் வேணுமா, நீச்சல் வேணுமா?”

“நீச்சல்.”

“அப்ப எறங்கு.”

முதுகில் கேனைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, இழுத்துத் தண்ணீரில் போட்டாள். முதல் நாள் பதினோரு முறை தண்ணீர் குடித்தேன். மறுநாள் ஏழு. மதியம் வராததற்குப் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னாள். குடித்த தண்ணீருக்கு அது பொய்யும் இல்லை. ஆறாம் நாள் கேனில்லாமல், கயிறில்லாமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்த் தொட்டேன். பூசாரி மனைவி இருமலை மறந்து கை தட்டினாள்.

எனக்குத்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு இந்த வெயிலில் என்று ஏழாம் நாள் கேட்டேன். கை மடக்குவது இன்னும் சரியில்லை, நான் செய்கிறேன், பார்த்துக்கொள் என்றாள். எட்டாம் நாளும் போனோம். ஒன்பதாம் நாள் போனபோது கிணற்றுமேட்டில் இரண்டு லாரி மண் வந்து இறங்கியிருந்தது. என்னை நாலாவது படியில் உட்காரவைத்துவிட்டு அம்மா மட்டும் இறங்கினாள். சுவரைத் தொட்டாள், திரும்பினாள். மறுபடி தொட்டாள், திரும்பினாள். மேலே பூசாரி மனைவி இருமினாள். அம்மா நிற்கவில்லை. கையை எங்கே மடக்குகிறாள், காலை எப்போது உதைக்கிறாள் என்று நான் கண்கொட்டாமல் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாக ஏறிவிட்டது. பாவம், எனக்காக இவ்வளவு சிரமப்படுகிறாளே என்று இருந்தது. “போதும்மா, எனக்குப் புரிஞ்சிடுச்சி” என்று இரண்டு தடவை கத்தினேன். அவள் காதில் விழவில்லை. அன்று மொத்தம் இருபத்து மூன்று முறை போய் வந்தாள்.