சணல் சுற்றும் கை

விருதுநகர் ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த அந்த அம்மா, நாரணாபுரத்தில் பட்டாசு வெடிக்குச் சணல் சுற்றுகிறவர். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுமென்று பல வருடங்களாக உட்கார்ந்தே தூங்கியவர். சும்மா இருக்கும்போதும் போர்வை நூலை விரலில் சுற்றிக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் வந்தார். சிறு துளைகள் வழியாகவே, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைத்திருப்பதாகச் சொன்னார்.

"இறுக்கிச் சுத்துனீகளா, இளக்கமாவா?" என்று கேட்டார் அந்த அம்மா.

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இறுக்கினா சோறு இறங்காது. இளகினா மறுபடி புளிப்பு ஏறும். அந்த அளவு கைக்கு வர எனக்குப் பல வருஷமாச்சு. உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"சணல் இளகுனா வெடி புஸ்ஸுன்னு போயிரும்லய்யா."

டாக்டர் அந்த அம்மாவின் கையைத் தன் கையில் எடுத்தார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பத்திரமாகப் போர்வைமேல் வைத்தார்.