ஹோசெலிதோவின் வைப்பாட்டி

"இந்த வருஷம் பொண்டாட்டி நான்தான்" என்றார் வில்ஃப்ரிதோ.

அர்ஹெமிரோ கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. இடது புருவத்தைப் பசை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அது காய்வதற்குள் வாயைத் திறந்தால் புருவம் கோணிக்கொள்ளும். காய்ந்த பிறகு பேசினார்.

"யாருக்குடி பொண்டாட்டி?"

"செத்தவனுக்கு."

"செத்தவன் உன்னைக் கேட்டானா?"

"வருஷா வருஷம் உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் போறான். ஒரு தடவையாவது நல்ல மூஞ்சியா பார்த்துட்டுப் போகட்டுமே."

"நல்ல மூஞ்சி எங்க இருக்கு? வாசல்ல யாராவது வந்திருக்காங்களா?"

ரெபோலோ பேட்டையில் அர்ஹெமிரோ வைத்திருந்த முடி திருத்தும் கடையில் இந்தப் பேச்சு நடந்தது. கார்னிவலின் கடைசி நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நான்கு நாள் குடித்து ஆடித் தீர்த்த ஹோசெலிதோ அன்று செத்துப்போவான். கொலம்பியாவின் பர்ரான்கியா நகரில் தெருவுக்கு ஒரு ஹோசெலிதோ. அப்படி ஓர் ஆள் பிறந்ததும் இல்லை, இருந்ததும் இல்லை. கார்னிவலுக்கே அந்தப் பெயர் வைத்து, மூடியில்லாத பெட்டியில் கிடத்தி, ஒப்பாரி வைத்துத் தூக்கிப்போவார்கள். அழுகிற விதவைகளில் பாதிப்பேர் மீசையை மழித்துவிட்டு வந்த ஆண்கள்.

ரெபோலோவின் ஹோசெலிதோவுக்கு ஒரு பெண்டாட்டி, ஒரு வைப்பாட்டி. முப்பத்தொரு வருஷமாகப் பெண்டாட்டி அர்ஹெமிரோ, வைப்பாட்டி வில்ஃப்ரிதோ. பெண்டாட்டி சதுக்கத்திலிருந்து பெட்டிக்குப் பின்னாலேயே மாரடித்துக்கொண்டு வருவாள். வைப்பாட்டி ரொட்டிக்கடை முனையில் மறைந்து நிற்பாள். பெட்டி வந்ததும் அலறிக்கொண்டு ஓடிவந்து, எம்பிக் குதித்து, பிணத்தின் மேல் விழுவாள். பெண்டாட்டி அவள் விக்கைப் பிடித்து இழுப்பாள். விக் கையோடு வந்துவிடும். இதைப் பார்க்கத்தான் பக்கத்துப் பேட்டைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

முதல் வருஷம் யாரும் திட்டம் போடவில்லை. இரண்டு பேரும் அப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு மதுக்கடையில் வெள்ளிக்கிழமைகளில் பெண் வேடம் கட்டிப் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேடைப்பெயர் கந்தேலா, மற்றவர் மர்க்கேசா. ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருவரும் பெண்டாட்டியாக வந்து நின்றார்கள். ஒரே மாதிரிக் கறுப்பு முக்காடு. பெட்டிக்கு முன்னால் நிஜமாகவே சண்டை மூண்டது. பெட்டிக்குள் கிடந்த ரெம்பெர்த்தோ, சந்தையில் புத்திஃபாரா தொத்திறைச்சி விற்பவர், தூக்கம் கலைந்த எரிச்சலில் எழுந்து உட்கார்ந்தார். "அழறவ பொண்டாட்டி. கத்தறவ வைப்பாட்டி. என்னைச் சாக விடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தார். கத்தியது வில்ஃப்ரிதோ. செத்தவன் சொன்னது நிலைத்துவிட்டது.

வில்ஃப்ரிதோவின் பகல்வேலை குளிர்பதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது. காதை வைத்துக் கேட்டே கம்ப்ரெஸ்ஸரில் என்ன கோளாறு என்று சொல்லுவார். வேடத்துக்கான இடுப்பும் அந்தத் தொழிலிலிருந்துதான் வந்தது. குளிர்குழாய்க்குச் சுற்றும் ஸ்பாஞ்சை அறுத்து, அரத்தால் ராவி, இருபுறமும் ஒரே அளவாக்கி, இடுப்புவரை வரும் காலுறைக்குள் செருகுவார். அர்ஹெமிரோவின் இடுப்பு தலையணைப் பஞ்சு. அதில் ஒருபக்கம் எப்போதும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"அளவெடுத்துச் செஞ்ச இடுப்பு என்னுது. உன்னுது மாவு மூட்டை" என்றார் வில்ஃப்ரிதோ.

"அளவெடுத்ததா? திரும்பி நில்லு. ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி இருக்கு. காந்தம் வச்சா ஒட்டும்."

"பேச்சை மாத்தாதே. உடுப்பைக் கழட்டிக் கொடு."

"முப்பத்தொரு வருஷம் சட்டப்படி குடும்பம் நடத்தியிருக்கேன். இது என்ன பஸ்ஸுல சீட்டா, எந்திரிச்சுக் கொடுக்க?"

"எனக்கும் வயசாகுது அர்ஹெமிரோ. ஒரு தடவையாவது மரியாதையா அழணும்னு ஆசை இருக்காதா?"

"மரியாதையா அழ உனக்கு மூஞ்சி பத்தாது. போடி."

வில்ஃப்ரிதோ உண்மையைச் சொல்லவில்லை. வலது முட்டி போய்விட்டிருந்தது. நவம்பரில் ஓர் இறைச்சிக்கடையின் குளிர் அறைக் கூரையிலிருந்து இறங்கும்போது உள்ளே ஏதோ நழுவியது. எலும்புக்கு நடுவிலிருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். பேரிங் போய்விட்டது என்று வில்ஃப்ரிதோ புரிந்துகொண்டார். எடை எண்பத்துநான்கு கிலோ. குதித்து இறங்கும்போது முட்டிக்கு வருவது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோனில் மகளிடம் எல்லாவற்றையும் சொல்கிறவர், முட்டியை மட்டும் சொல்லவில்லை.

ஊருக்குச் சொன்னால் அந்த இடம் டெய்விஸுக்குப் போய்விடும். டெய்விஸ் முப்பத்தைந்து வயது நடனக்காரன். காற்றில் இரண்டு காலையும் விரித்துத் தரையில் இறங்குவான். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான், மரியாதையாகத்தான். கொடுத்துவிட்டால் வில்ஃப்ரிதோவுக்கு ஊர்வலத்தில் மிஞ்சுவது கூட்டத்தோடு மாரடிக்கிற இருபது விதவைகளுக்குப் பின்னால் ஓர் இடம். இருபத்தொன்றாவது விதவை. அதற்கு வீட்டில் கிடக்கலாம்.

பெண்டாட்டி குதிக்க வேண்டியதில்லை. அழுதால் போதும். அதனால்தான் இந்தச் சண்டை. ஆனால் பன்னிரண்டு மணி வரை வாதாடியும் அர்ஹெமிரோ முக்காட்டின் ஒரு நூலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் முட்டை வைத்த அரேப்பா என்னும் சோள அடை இரண்டு வாங்கிவரச் சொல்லி, பெரியதைத் தானே எடுத்துக்கொண்டார்.

"பாரு, அதுலயும் பொண்டாட்டி பங்கு" என்றார் வில்ஃப்ரிதோ.

"வைப்பாட்டி உடம்பைக் குறைக்கணும். எனக்கென்ன, கல்யாணம் ஆயிடுச்சு."

மூன்று மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. வில்ஃப்ரிதோ ரொட்டிக்கடை முனையில் லாட்டரிச் சீட்டுக் கூண்டுக்குப் பின்னால் நின்றார். சிவப்புக் கவுன், அதன்மேல் பேருக்கு ஒரு கறுப்புத் துண்டு. இரண்டு வலி மாத்திரைகளை விழுங்கியிருந்தார். குதிப்பது என்றே முடிவு செய்திருந்தார். மற்றதைப் புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

மத்தளம் கேட்டது. பிறகு ஒப்பாரி. ஜனங்கள் வீசிய சோளமாவுப் புழுதிக்குள்ளிருந்து பெட்டி வெளியே வந்தது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். உள்ளே ரெம்பெர்த்தோ, நெஞ்சில் காலி ரம் புட்டி. பின்னால் அர்ஹெமிரோ.

"ஐயோ என் ராசா! ஏன்யா செத்தே? வாங்கின கட்டிலுக்குத் தவணைகூடக் கட்டி முடிக்கலையே!"

பதினைந்து மீட்டர் தூரம். வில்ஃப்ரிதோ அலறினார். அந்த அலறலில் குறை ஒன்றும் இல்லை. ரொட்டிக்கடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். ஓடினார். ஒன்று, இரண்டு, மூன்று அடி. நான்காவது அடிக்கு முட்டி மடங்கவில்லை.

நின்றுவிட்டார். கை இரண்டும் பெட்டியை நோக்கி நீண்டிருந்தன. வாய் திறந்திருந்தது. ஜனங்கள் காத்திருந்தார்கள். மத்தளக்காரர் அடியை நீட்டி நீட்டி வாசித்துப் பார்த்தார், பிறகு நிறுத்தினார். யாரோ ஒரு குழந்தை, "அந்த அம்மா ஏன் வரலை?" என்று கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. விதவைகள் வரிசையில் டெய்விஸ் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை அடி முன்னால் வருவதை வில்ஃப்ரிதோ பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார்.

அப்போது அர்ஹெமிரோவின் குரல் எழுந்தது.

"பார்த்தீங்களாய்யா இந்த அநியாயத்தை! மகாராணி நின்ன இடத்துல நிக்கிறா! இவ எதுக்கு ஓடிவரப்போறா? உசுரோட இருந்த வரைக்கும் இந்த நாய்தானே இவ வாசலுக்கு ஓடிச்சு! டேய், தூக்குங்கடா! இன்னைக்கு மட்டும் என்ன புதுசா? கொண்டுபோய் அவ காலடியிலயே போடுங்க!"

தூக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அர்ஹெமிரோ முன்னால் நின்றவனின் முதுகில் கைப்பையால் ஒன்று வைத்தார். பெட்டி ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு மீட்டர். உள்ளே ரெம்பெர்த்தோ இரண்டு பக்கப் பலகையையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த புனிதர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரம் புட்டி தெருவில் உருண்டது. தெருவே சிரித்தது.

பெட்டி தரைக்கு வந்தது. அர்ஹெமிரோ பாய்ந்து வந்து, வழக்கம்போல, விக்கைப் பிடித்தார். ஒரு கை விக்கை இழுத்தது. இன்னொரு கை, கறுப்பு முக்காட்டின் மறைவில், வில்ஃப்ரிதோவின் அக்குளைத் தாங்கி மெல்ல மெல்ல நடைபாதைத் திட்டில் இறக்கியது. மூன்று விநாடி ஆகியிருக்கும். முட்டி வலிக்கவில்லை.

"இப்ப கத்துடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் அர்ஹெமிரோ.

வில்ஃப்ரிதோ ரெம்பெர்த்தோவின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பார்த்தியாடி மாவு மூட்டை? செத்தும் என்கிட்டதான் வர்றான்! உன் பக்கத்துல படுக்கப் பயந்துதான் செத்தான்!"

"மடியில வச்சுக்கோ, நல்லா வச்சுக்கோ! துணியைத் துவைச்சுப் போட்டியா ஒரு நாளாவது?"

"துணியே போட்டதில்லையே, நான் எதுக்குத் துவைக்கணும்?"

ரொட்டிக்கடைக்காரி சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். டெய்விஸ் கண்மை கன்னம் வரை வழிய, இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்குக் கடையில் வில்ஃப்ரிதோவின் முட்டிமேல் ஐஸ் பை இருந்தது. தலையில் விக்குக்கு அடியில் போடும் காலுறைத் தொப்பி. அர்ஹெமிரோ எதிரில் உட்கார்ந்து பருத்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"நவம்பர்லேர்ந்து. என் கடை ஏர்கண்டிஷனரைப் பார்க்க வந்தே. ஏணியைச் சாய்ச்சு வச்சே. ஏறலை. கீழேயே நின்னு அண்ணாந்து பார்த்து, 'கேஸ் போயிடுச்சு, பார்ட்டு வரணும்'னே. மூணு மாசமா பார்ட்டு வருது. நான் மூணு மாசமா வேர்த்துக் கொட்டிக்கிட்டு முடி வெட்டறேன்."

"சொல்லியிருக்கலாமே."

"முட்டி உன்னுது. நான் எதுக்குச் சொல்லணும்?"

வில்ஃப்ரிதோவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "தெரிஞ்சும் உடுப்பைக் கொடுக்கலையேடி. பொண்டாட்டியா விட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

அர்ஹெமிரோ பருத்தியைக் கீழே வைத்தார்.

"பொண்டாட்டி எங்கேர்ந்து வர்றா?"

"சதுக்கத்துலேர்ந்து."

"எவ்வளவு தூரம்?"

வில்ஃப்ரிதோ அப்போதுதான் எண்ணிப் பார்த்தார். எல்லாத் தெருவும் சுற்றி, மூன்று கிலோமீட்டர். கொளுத்துகிற வெயிலில், குதிகால் செருப்போடு. குதிப்பதற்குக் கணக்குப் போட்டவர் நடப்பதற்குப் போடவில்லை. முப்பத்தொரு வருஷமாகத் தன் முனையில் காத்திருந்தவருக்கு, ஊர்வலம் என்றால் பதினைந்து மீட்டர்தான்.

"முட்டாளே" என்றார் அர்ஹெமிரோ. "மெக்கானிக்காம்."

வெளியே கடைசி மத்தளங்கள் ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பிறகு வில்ஃப்ரிதோ சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கி ஐஸ் பை தரையில் விழுந்தது.

"அடுத்த வருஷம் முனையில ஒரு நாற்காலி போடச் சொல்றேன்" என்றார் அர்ஹெமிரோ, பையை எடுத்து மறுபடி முட்டியில் வைத்தபடி. "மகாராணி உக்காந்து விசிறிக்கிட்டு இரு. அவனே வருவான்."

"சிவப்பு நாற்காலி."

"கறுப்பு. சாவு வீடுடி இது."

"சிவப்பு கவுனுக்குக் கறுப்பு நாற்காலியா? உனக்குக் கண்ணே இல்லையா?"

அதன் பிறகு வில்ஃப்ரிதோவுக்கு நான்கு கார்னிவல்கள் இருந்தன. நான்கிலும் ஹோசெலிதோதான் அவரைத் தேடி வந்தான். நாற்காலியின் நிறம் மட்டும் கடைசி வரை முடிவாகவில்லை.