கேள்விக்குறி முருங்கை

செடியப் பறிச்சு, நசுக்கி, காயவச்சு, அட்டையில ஒட்டி அலமாரியில வச்சா அதுக்குப் பேரு ஹெர்பேரியம். அதையே எங்க அஜ்மான் வீட்டு ஹால்ல பரப்புனா குப்பை. இந்தப் படிப்புல தெரியாம வந்து மாட்டுன என் இனமே, நீங்களாவது கேளுங்க.

அட்டையில ஒரு அவமானம்

எங்க காலேஜ்ல ஒரு பழைய அட்டை. மலைப் பள்ளத்தாக்கு ஒண்ணுல யாரோ எப்பவோ பறிச்ச வெறும் குச்சி, பக்கத்துல ‘காட்டு முருங்கை?’ன்னு எழுத்து. அந்த வாதியில (அமீரகத்துல பள்ளத்தாக்குக்கு அதான் பேரு) இந்த மரம் இருக்குன்னு சொல்ல வேற சாட்சியே கிடையாது. அதுக்கும் கேள்விக்குறி. பறிச்சவனுக்கே நம்பிக்கை இல்லன்னா எதுக்கு ஒட்டுனான்னு நான் கத்துனேன். எங்க சார் நாகர்கோவில்காரரு, நிதானமாக் கண்ணாடியத் துடைச்சாரு.

“குச்சி என்கிட்டயே இருக்கு. காய் கொண்டு வா, விதையப் பாக்கணும். நம்ம ஊர் முருங்கை விதைக்கு இறக்கை இருக்கும், இதுக்கு இருக்காது. இல்லன்னா உன் ப்ராஜெக்டுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுத் தர்றேன்.”

கேட்ல நின்ன பட்டான்

வாப்பாவோட மளிகைக்கடை வேன்ல, டிரைவர் சேகர் அண்ணனோட வெள்ளிக்கிழமை கிளம்பியாச்சு. வாதி வாசல்ல கல்லு உடைக்கிற கம்பெனி கேட். வாட்ச்மேன் ஒரு பாகிஸ்தான் பட்டான், பக்கத்துல அவரு வளக்குற ஆடுங்க. இந்தியில என்ன வேலைன்னு கேட்டாரு. மரத்துலேருந்து கொஞ்சம் பறிக்கணும், படிப்புக்குன்னு சொன்னேன். எவ்வளவு வருஷப் படிப்புன்னாரு. நாலுன்னேன். கேட்டத் திறந்துவிட்டுட்டு ஆட்டத் தடவிக்கிட்டே சொன்னாரு:

“இதுங்க ஃபீஸ் கட்டாமலே அந்த வேலையத்தான் பண்ணுது, மகளே.”

முருங்கைக்கு மானநஷ்டம்

வளைவு தாண்டி செங்குத்துப் பாறையில மரம் நின்னுச்சு. சின்ன இலையெல்லாம் உதுந்து வெறும் நரம்பாத் தொங்குது. தூரத்துலேருந்து பாத்தா தொடப்பத்தக் கவுத்து வச்ச மாதிரி. பரமக்குடிக்காரரு சேகர் அண்ணனுக்குக் கோவமே வந்துருச்சு. ஆனாலும் கைக்கு எட்டுன ரெண்டு முத்தல் காயப் பறிச்சுத் தந்தாரு. மத்ததெல்லாம் ஆகாயத்துல.

“பாப்பா, இதப் போய் முருங்கைன்னு எங்க ஊர்ல சொல்லிறாத, மரமே கேஸ் போட்ரும்.”

மூணு விசில்

காயோட ஒடிச்சிட்டு வந்த குச்சியப் பேப்பருக்கு நடுவுல வச்சு அழுத்திட்டேன். காயில பூச்சி இருந்தாச் சாகணும், அதனால ஃப்ரீசர்ல வைக்கிறது எங்க வழக்கம். வச்சேன், நியூஸ் பேப்பர்ல சுத்தி. தமிழ் வீட்டு ஃப்ரிட்ஜ்ல நியூஸ் பேப்பர்ல சுத்துன முருங்கைக்காய்க்கு என்ன விதின்னு எனக்குத் தோணல பாருங்க. ஞாயித்துக்கிழமை சப்மிஷன்; அப்பல்லாம் இங்க லீவு வெள்ளி, சனிதான். சனிக்கிழமை மத்தியானம் லைப்ரரியிலேருந்து வந்தா, வீடெல்லாம் இறால் குழம்பு வாசம்.

நான் போட்ட சத்தத்துல மேல் வீட்டு மாமி இறங்கி வந்துட்டாங்க. உம்மா அசரல.

“மூணு விசில் வச்சும் வேகல, ஒரே கசப்பு. காய் பாத்து வாங்கத் தெரியாத மனுசன்னு உங்க வாப்பாவ வேற திட்டித் தொலச்சிட்டேன். அதுக்கு யாருடி பதில் சொல்றது?”

தட்டு ஓரம்

திட்டு வாங்குன வாப்பா சாப்பிட்டு எந்திரிச்சிருந்தாரு. தட்ட எட்டிப் பாத்தேன். சோறெல்லாம் காலி; அவரு பல்லுக்குக் கடிபடாததெல்லாம் ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்காரு. கழுவுனேன். கொட்டை கொட்டையா விதை, ஒண்ணுலகூட இறக்கை இல்ல. துடைச்சுப் பொட்டலமாக் கட்டி, லேபிள் எழுதி ஒட்டுனேன்.

மறுநாள் சார் லென்ஸ் வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. பொட்டலத்த மோந்தும் பாத்தாரு. அப்புறம் பழைய அட்டைய எடுத்து, கேள்விக்குறி மேல ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டாரு. என் லேபிளத் திருப்பி நீட்டுனாரு.

“பதப்படுத்துன முறைங்கிற இடத்துல புளி, மஞ்சத்தூள்னு உண்மைய எழுதிருக்க, நல்லது. இறாலை ஏன் விட்டுட்ட?”

ஆட்டுக்கும் கல்லு உடைக்கிற மிஷினுக்கும் தப்பிச்சு எங்க உம்மா குக்கர்ல மாட்டுன அந்த மரத்துக்கு, கடைசியில சாட்சி சொன்னது என் நாலு வருஷப் படிப்பு இல்ல, எங்க வாப்பாவோட ஆட்டங்கண்ட கடவாப்பல்லு.